நாலாவது கட்டம்

கம்பெனியை மூடிவிட்டார்கள்.
மேசைகள் போயின, காபி மெஷின் போயிற்று,
மிச்சம் நானும் ஹரலாம்பியேயும் ஒன்பது கணினிகளும்.
கான்ஸ்டான்ட்சாவில் ஜனவரி.
வடக்கத்திக் காற்று கருங்கடலைத் தூக்கித் தூக்கித்
துறைமுகச் சுவரில் அறைந்துகொண்டிருந்தது.

கணினிகள் செர்னவோடாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தானமாம்.
ஒரு பொட்டு மிச்சமில்லாமல் துடைத்துக் கொடுங்கள் என்று
புக்கரெஸ்டிலிருந்து கடிதம்.

எல்லாவற்றையும் தேர்ந்து, ஒரே பொத்தானில் அழித்தேன்.
ஹரலாம்பியே சிரித்தான்.
"வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றியிருக்கிறாய், ஸம்ஃபிரா.
ஆள் உள்ளேதான் இருக்கிறான்.
விளக்கைக்கூட அணைக்கவில்லை."

அழிக்க வேண்டுமென்றால் எழுத வேண்டுமாம்.
இருக்கிற ஒவ்வொன்றின் மேலும் ஒரு சுழி.
தொடங்குமுன் தாளின் தலையில் போடும் சுழி இல்லை இது.
எல்லாம் எழுதித் தீர்ந்தபின்
வரிக்கு வரி, ஓரம் விடாமல், மூன்று சுற்று.

எட்டை அவன் பார்த்துக்கொண்டான்.
ஒன்பதாவது என்னுடையது.

பதினோரு வருஷம் இதன் முன்னால் உட்கார்ந்து
கடன் வாங்கியவர்களைக் கூப்பிட்டேன்.
பெயர். தொகை. தவணை தவறிய நாள்.
நாலாவது கட்டத்துக்குக் 'குறிப்பு' என்று தலைப்பு.
நிரப்பச் சொல்லி யாரும் கேட்டதில்லை.
நிரப்பினேன்.

இரண்டு தடவை தும்மினார், எப்போதும் இரண்டுதான். திங்கள் வரை விடலாம்.

பின்னால் தையல் மெஷின் ஓடுகிறது. வேலை இருக்கிறது என்றது பொய்யில்லை.

தொகையைச் சொன்னதும் பாட ஆரம்பித்துவிட்டார். முழுப் பாட்டும். நன்றாகத்தான் பாடுகிறார்.

இன்று அவரே முந்திக்கொண்டு, உங்கள் தொண்டை கட்டியிருக்கிறதே, தேன் குடியுங்கள் என்றார். தவணையைப் பற்றிப் பேச்சில்லை.
நானும் எடுக்கவில்லை.

கடன்களை டிசம்பரிலேயே விற்றாகிவிட்டது.
நூறு லேய் கடன் ஏழு லேய்க்கு.
வாங்கியவர்கள் முதல் மூன்று கட்டங்களைக்
கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.
இந்நேரம் வேறு ஊரில், வேறு மேசையில்
அவை வட்டியோடு கொழுத்துக்கொண்டிருக்கும்.
யாருடைய கடனையும் நான் அழிக்கவில்லை.
தும்மலைத்தான் அழிக்கிறேன்.
தையல் மெஷினை. தேனை.

நாற்பத்திரண்டு சதவீதத்தில்
ஹரலாம்பியே சிகரெட்டுக்கு இறங்கிப் போனான்.
கைப்பையில் ஒரு பென்டிரைவ் கிடந்தது,
மகள் சாவிக்கொத்தில் மாட்டிவிட்டது, தவளை வடிவத்தில்.
அதைக் கையில் எடுத்தது உண்மை.
நிறுத்தினால் பாதியாவது தேறுமா என்று யோசித்ததும் உண்மை.

ஆனால் அவர்கள் எனக்குச் சொன்னதா அதெல்லாம்?
கதவைத் தட்டப் போனவள்
சாவித் துவாரத்தில் காது வைத்துக் கேட்டது.
திருப்பித் தர முகவரி உண்டு,
தந்தால் வாங்குவார்களா?
"ஐயா, உங்கள் தும்மல் என்னிடம் இருக்கிறது" என்றா கூப்பிடுவேன்?
என் குரல் கேட்டாலே வயிறு கலங்குகிற மனிதர்கள்.

தவளையைப் பைக்குள் போட்டேன்.

ஏழு மணிக்கு மூன்றாம் சுற்றும் முடிந்தது.
திரையில் ஒன்றுமில்லை;
இடப்பக்க மூலையில் ஒரு கோடு மட்டும்
என்ன வேண்டும் என்பதுபோல் விட்டு விட்டு மினுக்கியது.
ஹரலாம்பியே ஒன்பது பெட்டியிலும்
'சுத்தம்' என்று சீட்டு ஒட்டினான்.
கோந்து குளிரில் பிடிக்காமல்
என் பெட்டியின் சீட்டு மட்டும் இரண்டு முறை விழுந்தது.
மூன்றாவது தடவை நானே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாற்பத்தி மூன்றாம் எண் பஸ்.
கண்ணாடியெல்லாம் மூச்சுப் படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை.
பின்வரிசையில் யாரோ தும்மினார்.
ஓட்டுநர் உட்பட நாலைந்து பேர்
"நொரோக்" என்று வாழ்த்தினார்கள்.
நான் திரும்பவில்லை, வாழ்த்தவில்லை.
இரண்டாவதற்குக் காத்திருந்தேன்.